பேரப்பிள்ளைகளோடு ஒரு கோடை: எந்த விசா பொருந்தும்?

சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். அம்மம்மாக்களும் தாத்தாக்களும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். பலர் தீபாவளியை ஒட்டித்தான் திரும்புவார்கள். சில வருடங்களாக எங்கள் வீடும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. மகள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மகன் சூரிச்சில், என் அக்கா லண்டனில். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் படிவங்களும் ஆதாரங்களும் எனக்குப் பழகியவை. அதனால் ஜனவரி பிறந்ததும் அயலில் உள்ளவர்கள் கோப்பும் கையுமாக எங்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

வருபவர்களில் அநேகர் முதலில் கேட்பது, "எந்த விசா எடுத்தால் கூடுதல் காலம் நிற்கலாம்?" என்பதைத்தான். கேட்பது இயல்பு. ஆனால் அதிலிருந்து தொடங்குகிறவர்கள் ஒன்றில் தேவையில்லாத செலவுக்குள் போகிறார்கள், அல்லது தேவையான பாதுகாப்பு இல்லாமல் போய் நிற்கிறார்கள். நான் அவர்களிடம் வேறு சிலவற்றைக் கேட்பேன். ஒரே தடவையில் உண்மையில் எத்தனை மாதம் நிற்கப் போகிறீர்கள்? அடுத்த வருடமும் போவீர்களா? அங்கே வருத்தம் வந்தால் யார் பணம் கட்டுவது? கொழும்பில் எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்? பெற்றோரும் பிள்ளைகளும் தொலைபேசியில் ஒன்றாக இருந்து இவற்றைப் பேசி முடித்தால், எந்த விசா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். பிள்ளைகள் ஒரு வருடம் நிற்பாரென்று நினைத்திருப்பார்கள். அம்மாவோ நவராத்திரிக்கு முன் திரும்பிவிட வேண்டுமென்று நினைத்திருப்பார். இதைப் பேசாமலே படிவம் நிரப்பத் தொடங்கும் குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மனவருத்தம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் போவது கனடாவுக்குத்தான். பிள்ளைகளிடம் போய் நிற்கும் பெற்றோருக்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாதாரண வருகையாளர் விசா. மற்றையது 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசா. வருகையாளர் விசாவில் போனால், எல்லை அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து 6 மாதம் நிற்கலாம். சூப்பர் விசாவில் ஒரு நுழைவுக்கு 5 வருடம் வரை நிற்கலாம். 2022 ஜூலை 4க்கு முன் அது 2 வருடமாக இருந்தது. விண்ணப்பக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே, ஆளுக்கு 100 கனடிய டொலர். கைரேகைக்கும் படத்துக்கும் 85 டொலர். இதைக் கேட்டவுடன், "காசு ஒன்றுதானே, பெரியதையே எடுத்துவிடலாமே" என்பார்கள்.

செலவு அந்த 100 டொலருக்குப் பின்னால்தான் வருகிறது. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு, குறைந்தது 100,000 கனடிய டொலர் வரை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதி வேண்டும். விலைக்கணிப்புக் கடிதத்தைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். முழுப் பணம் கட்டிய, அல்லது முதல் தவணை கட்டிய பத்திரமாக இருக்க வேண்டும். அழைக்கும் பிள்ளை கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவராக இருந்து, குடும்ப அளவுக்கு ஏற்ற வருமானத்தைக் காட்ட வேண்டும். அந்த அளவில் போகும் பெற்றோரும் அடக்கம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தாயும் தகப்பனும் போனால் ஆறு பேருக்கான வருமானம் தேவை. மருமகனும் மகளும் சேர்ந்து கையெழுத்திட்டு இருவருடைய வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இவற்றோடு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடற்பரிசோதனையும் செய்ய வேண்டும். விண்ணப்பத்தைக் கனடாவுக்கு வெளியே இருந்துதான் போட முடியும். பெற்றோரும் பேரன் பேத்தியின் தாத்தா பாட்டியும் மட்டுமே இதற்குத் தகுதி உள்ளவர்கள். பெரியம்மா, சித்தி, அக்கா என்று எவ்வளவு நெருக்கமான உறவாக இருந்தாலும் இந்த வழி அவர்களுக்குத் திறக்காது.

நானும் கணவரும் மே மாதம் போய் ஒக்டோபருக்குள் திரும்பிவிடுவோம். பனிக்காலத்தில் அவருடைய முழங்கால்கள் அவரை நடக்க விடாது. அத்துடன் கொழும்பில் அவருக்கு மாலை நடைக்கு நண்பர்கள், வெள்ளிக்கிழமைக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில் என்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் அடங்கும் ஒரு கோடைக்கு வருகையாளர் விசாவே போதும். அதுவும் பல தடவை நுழையக் கூடியதாகக் கிடைத்துவிட்டால் அடுத்தடுத்த வருடங்களுக்கும் உதவும். முன்பெல்லாம் 10 வருட விசாவைச் சாதாரணமாகவே கொடுத்தார்கள். 2024 நவம்பரில் கனடா தன் அதிகாரிகளுக்கான வழிகாட்டலை மாற்றிய பிறகு, எத்தனை நுழைவு, எவ்வளவு காலம் என்பதை ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆகவே "அவருக்கு 10 வருடம் கொடுத்தார்கள், எனக்கு ஏன் இல்லை" என்று மனம் நோக வேண்டியதில்லை.

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவரின் நிலைமை வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகிவிட்டார். கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கவிருந்தது. படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, மூன்று மாதம் என்று எழுதட்டுமா? குறைவாகக் கேட்டால் இலகுவாகத் தருவார்கள் என்று சொல்கிறார்களே" என்று கேட்டார்.

"எவ்வளவு காலம் நிற்பதாக மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள் அக்கா?"

"குழந்தை நடக்கத் தொடங்கும்வரை என்று சொல்லியிருக்கிறேன்."

"அப்படியென்றால் அதையே எழுதுங்கள். அதற்கென்றே ஒரு விசா இருக்கிறது."

மகளின் வருமானமும் மருமகனின் வருமானமும் சேர்ந்து அளவைத் தாண்டின. சூப்பர் விசாவே எடுத்தார். வருகையாளராகப் போய் அங்கிருந்தே காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் அனுமதி முடிவதற்கு முன்பே போட வேண்டும், பதில் வரும்வரை மனம் ஒரு நிலையில் நிற்காது. நீட்டிப்புக்குக் கிடைக்கும் கடிதம் உள்ளே இருப்பதற்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி நுழைய முடியாது. ஒரு வருடம் நிற்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது அந்த வழியில் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. மூன்று மாதம் என்று எழுதிவிட்டு ஒரு வருடம் நின்றால், அடுத்த விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதை விசாவுக்குத் தேவையான ஒரு கடதாசியாகத்தான் பார்க்கிறார்கள். எந்த நிறுவனம் மலிவு என்று கேட்டு, பணம் கட்டி, பத்திரத்தைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதில்லை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு மருத்துவத் திட்டம் வருகையாளர்களுக்குக் கிடையாது. ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் கட்டணமே இங்கே நாம் சேமித்து வைத்திருக்கும் நிலையான வைப்பைக் கரைத்துவிடும். சாதாரண வருகையாளர் விசாவுக்குக் கனடா காப்புறுதி கேட்பதில்லை. ஆனாலும் அது இல்லாமல் நாங்கள் ஒரு முறையும் போனதில்லை, போகவும் மாட்டோம்.

என் கணவருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. எங்கள் வயதில் இவை இல்லாதவர்கள் குறைவு. இப்படி ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல காப்புறுதிகள் ஒரு நிபந்தனை வைக்கின்றன: காப்புறுதி தொடங்குவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நோய் மாற்றமில்லாமல் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது வேறுபடும். 90 நாளும் உண்டு, 180 நாளும் உண்டு. "ஒரே நிலை" என்பதை நாம் நினைப்பதை விட மிகவும் கடுமையாகவே வரையறுத்திருக்கிறார்கள். புதிய மாத்திரை தொடங்கினால் அது மாற்றம். இருக்கிற மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதுவும் மாற்றமாகக் கருதப்படலாம். நோய் நன்றாகக் கட்டுப்பட்டதால் மருத்துவர் அளவைக் குறைத்தார் என்பது நமக்கு நல்ல செய்தி. பத்திரத்தின் கண்ணில் அது வேறு செய்தி.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வருடாந்தப் பரிசோதனைகளைப் பயணத்துக்கு முந்திய மாதம்வரை தள்ளிவைப்பதில்லை. தைப்பொங்கல் முடிந்த கையோடு இரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். மாத்திரையில் மாற்றம் வேண்டுமென்றால் அப்போதே மாற்றி, அதற்குப் பிறகு ஆகும் காலத்தைக் கணக்குப் பார்த்துப் பயணத் திகதியை வைப்போம். பயணத்துக்கு முன் மாத்திரையை மாற்றக்கூடாது என்று மருத்துவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. உடம்புக்குத் தேவையானதைச் செய்துவிட்டுத் திகதியைத்தான் நகர்த்துவேன். பிறகு மகள் அங்கே தமிழ்க் காப்புறுதி முகவர் ஒருவரிடம் பேசி, நோய்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, "இதற்கு ஈடு உண்டா" என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்பாள். பதிலும் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் ஆயிரம் டொலரை நாமே கட்டுவதென்று ஒப்புக்கொண்டால் கட்டுபணம் குறையும். அது கையிருப்பைப் பொறுத்த முடிவு. காலத்துக்கு முன்பே திரும்பிவிட்டால் மீதி மாதங்களுக்குப் பணம் திருப்பித் தரும் பத்திரங்களும் உண்டு. பெரும்பாலும் ஒரு கோரிக்கையும் வைக்காமல் இருந்திருக்க வேண்டும். மேல்மாடி அக்கா வருடக் காப்புறுதி வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொன்னது அந்தப் பகுதியைத்தான்.

மருந்துகளை அவற்றின் கடைப்பெயரால் மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். காலி வீதி மருந்துக் கடையில் வாங்கும் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதி, மருத்துவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது விமான நிலையம். விசாவில் இருக்கும் கடைசித் திகதி வேறு, நிற்க அனுமதித்த கடைசித் திகதி வேறு. விசாவில் இருப்பது எந்த நாள்வரை உள்ளே நுழையலாம் என்பதுதான். எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதை நுழையும் இடத்தில் அதிகாரி தீர்மானிக்கிறார். கனடாவில் இப்போது இயந்திரத்தில் பதிவு செய்துவிட்டு முத்திரை இல்லாமலே வெளியே வந்துவிட முடிகிறது. சூப்பர் விசாவில் போகிறவர்கள் அப்படி வரக்கூடாது. அதிகாரியிடம் போய், சூப்பர் விசா என்று சொல்லி, விசாவோடு வந்த கடிதத்தையும் காப்புறுதியையும் காட்டி, முத்திரை கேட்டு வாங்கி, அதில் எழுதிய திகதியை அந்த இடத்திலேயே வாசித்துப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இந்த மூன்று வசனங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அனுமதித்த திகதி தாண்டிவிட்டால் நிலையை மீட்டுத் தரும்படி கேட்பதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. அதற்கு வேறாகக் கட்டணம் உண்டு, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

மகனிடம் சூரிச்சுக்குப் போவதென்றால் கணக்கே வேறு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்தில் இருக்கிறது. அந்த வலயம் முழுவதற்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். அந்த 180 நாள் ஜனவரியிலோ ஜூலையிலோ புதிதாகத் தொடங்குவதில்லை. இன்று நீங்கள் அங்கே இருந்தால், இன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி அதற்குள் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். மே 1ஆம் திகதி இறங்கினால், அதற்கு முன் அங்கே இருந்திருக்காவிட்டால், ஜூலை 29 தான் 90ஆவது நாள். ஜூலை மாதம் முடியும்வரை நிற்கலாம் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நடுவில் பாரிஸில் லா சப்பலுக்குப் போய்ச் சேலை வாங்கினாலும், ஸ்ருட்கார்ட்டில் மச்சாள் வீட்டில் ஒரு வாரம் நின்றாலும் அந்த நாட்களும் இதே 90க்குள்தான். லண்டன் அந்த வலயத்துக்கு வெளியே. அங்கே நிற்கும் நாட்கள் இதில் சேராது.

இன்னொன்று, 90 நாள் என்பது உச்சவரம்பு. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் எத்தனை நாள் என்று தனியாக ஓர் எண் இருக்கும். விசா மூன்று மாதத்துக்குச் செல்லுபடியாக இருந்து, அந்த எண் 45 என்றால் 45 நாள்தான். 2025 ஒக்டோபர் 12 முதல் அந்த வலயத்தின் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்து வரவையும் போகையையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மங்கிய முத்திரையைப் பார்த்து நாள் எண்ணிய காலம் போய்விட்டது. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சுவிசில், போகிறவரின் சொந்தப் பணம் போதாதென்று கருதினால், அழைக்கும் பிள்ளையிடம் 30,000 பிராங் வரை பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். அதை அங்கே உள்ளூர் நிர்வாகத்தின் வழியாக முடிக்க வேண்டும், நாள் எடுக்கும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நாங்கள் வேலையைத் தொடங்குவோம்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வருகையாளர் விசா 6 மாதத்துக்கு. 2, 5, 10 வருட விசாக்களும் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் 6 மாதம்தான் உச்சம். "ஆறு மாதம் நின்று, ஒரு மாதம் கொழும்புக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகலாம், சட்டம் தடுக்கவில்லை" என்று உறுதியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி வந்து நிற்பதன் மூலம் ஒருவர் அங்கேயே வசிக்கிறார் என்று தெரிந்தால் மறுக்க அதிகாரிக்கு இடமிருக்கிறது. 10 வருட விசாவுக்குப் பெரிய தொகை கட்டிக் கேட்டாலும் குறைந்த காலத்துக்குக் கொடுக்கலாம். மிகுதிப் பணம் திரும்பி வராது. வருடத்தில் பெரும்பகுதி கொழும்பில் என்பது கடவுச்சீட்டைப் புரட்டினாலே தெரியும்படி இருப்பது நல்லது.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை எழுதலாமா கூடாதா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வருகையாளர் வேலை செய்யக்கூடாது என்பது உண்மை. ஆனால் தாய் தன் மகளுக்குச் சம்பளம் இல்லாமல் குழந்தை பார்த்து உதவுவதைக் கனடா வேலையாகக் கருதுவதில்லை. பிரித்தானியாவும், குறுகிய வருகையில் உறவினர் குழந்தையைப் பார்த்துக்கொள்வதை அனுமதிக்கிறது. அதுவே பிள்ளை பராமரிப்பாளர் உத்தியோகம் போல ஆகிவிடக்கூடாது என்கிறது. அழைப்புக் கடிதத்தில் எதையும் மறைக்க வேண்டாம். குழந்தை பிறக்கிறது, அம்மா உடனிருக்க விரும்புகிறார், இந்த மாதம் திரும்புவார், அதன்பின் குழந்தைக்கு இன்ன ஏற்பாடு என்று எழுதினால் வாசிப்பவருக்குச் சந்தேகம் வராது.

கொழும்பில் ஆதாரங்களைத் திரட்டும்போது நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நம் பெற்றோர் காலத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் விரிந்து, பிள்ளையின் கனடியப் பத்திரத்தில் அது குடும்பப் பெயராகி நிற்கும். "இவர் என் தாய்" என்று காட்ட வேண்டிய இடத்தில் தாயின் பெயர் பிள்ளையின் சான்றிதழில் வேறு எழுத்துகளில் இருக்கும். இதை அதிகாரி கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலேயே இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் எழுத்துக்கூட்டு கடவுச்சீட்டோடு பொருந்துகிறதா என்று கையெழுத்து வாங்குமுன் பாருங்கள்.

திரும்பி வருவோம் என்பதைக் காட்டும் ஆதாரம்தான் விண்ணப்பத்தின் உயிர். வீட்டு உறுதி, ஓய்வூதியம் வரும் கணக்கு, வாடகை ஒப்பந்தம், இங்கே இருக்கும் வயதான தாய் அல்லது படிக்கும் பிள்ளை, முன்பு போய்ச் சொன்ன நேரத்தில் திரும்பிய பயணங்கள். வங்கியில் இருந்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் கணக்கில் பெரிய தொகை வந்து விழுந்தால் அது பலமில்லை, பலவீனம். அது எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழும். மாதாமாதம் சீராக ஓய்வூதியம் வந்து, சிறிது சிறிதாகச் சேர்ந்திருக்கும் எளிய கணக்குக்கு அதைவிட மதிப்பு உண்டு. நிலையான வைப்பை எடுத்ததாலோ காணி விற்றதாலோ பணம் வந்திருந்தால் அதற்கான பத்திரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

"விசா உறுதி" என்று சொல்லும் முகவர்களை நம்பி அசல் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை அறிவேன். படிவம் நிரப்ப உதவிக்கு ஒருவரை வைப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பினார் என்பதை வரிவரியாக வாசியுங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்க வேண்டும். முன்பு எந்த நாடாவது மறுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை தகவல்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மறுப்பு இருந்தால் விளக்கம் கொடுக்கலாம், அது முடிவல்ல. பொய் சொன்னதாகக் கண்டால் கனடா 5 வருடத்துக்கும், பிரித்தானியா 10 வருடத்துக்கும் கதவை மூடக்கூடும். எழுபது வயதில் 5 வருடம் என்பது பேரப்பிள்ளையின் முழுக் குழந்தைப் பருவம்.

விண்ணப்பிக்கும் முன் கடவுச்சீட்டின் ஆயுளைப் பாருங்கள். கடவுச்சீட்டு முடியும் திகதியைத் தாண்டிக் கனடா விசா கொடுக்காது. ஒன்றரை வருடமே மிச்சம் இருந்தால், பத்தரமுல்லையில் முதலில் புதியதை எடுத்துவிட்டு விசாவுக்குப் போவதே சரி. கனடாவுக்குக் கொடுத்த கைரேகை 10 வருடத்துக்குச் செல்லும் என்பதால், முன்பு கொடுத்தவர்கள் அந்தத் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் மீண்டும் 85 டொலர் கட்ட வேண்டாம்.

டிக்கெட் வாங்கும்போது வழியைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு எங்காவது மாறித்தான் போக வேண்டும். நாங்கள் வளைகுடா வழியாகவே போகிறோம். அமெரிக்கா வழியாக மாறும் டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும், நம் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஷெங்கன் நாடுகளில் மாறுவதற்கும் இலங்கையருக்கு இடைத்தங்கல் விசா தேவை. செல்லுபடியாகும் கனடிய விசா கையில் இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு.

புறப்படும் முன் இங்கே முடிக்க வேண்டியவையும் சில. அரச ஓய்வூதியம் பெறுபவர்கள் வருடந்தோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழைக் கிராம சேவகரிடம் முடித்துவிட்டே போக வேண்டும். நீண்ட காலம் போகிறவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை எப்படிச் செய்வதென்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். மேல்மாடி அக்கா இங்கே இல்லாத நேரத்தில், வங்கியிலிருந்து கடவுச்சொல் குறுஞ்செய்தி வரும் தொலைபேசி எண்ணை என்ன செய்வதென்று நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். கடைசியில் சிம் அட்டையை அவரே கொண்டுபோனார். வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வரும்படி இங்கேயே பதிவு செய்துகொண்டார். திரும்பி வந்ததும் விமானத்தில் ஏறிய அட்டைகளையும், கடவுச்சீட்டில் கட்டுநாயக்காவில் விழுந்த முத்திரைப் பக்கத்தின் படப்பிரதியையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தில் முதலில் இணைக்க வேண்டியவை அவைதான்.